மலைபடுகடாமும் இரைச்சல் பாலமும்

மலைப்பக்கம் ஒருநாள் பயணம் புறப்படும் மாணவர்கள் என்னென்ன எடுத்துவர வேண்டும் என்று கேட்டால், மலைபடுகடாத்தை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்வது என் வழக்கம். தமிழாசிரியர் வேடிக்கை பேசுகிறார் என்று சிரிப்பார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்வதில்லை. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய அந்த 583 அடிகளில் பாதிக்கு மேல் மலைவழி போகிறவனுக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கைகளும் யோசனைகளும்தாம். நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வரும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். செங்கத்துக்குப் போகும் வழி அது. தேனிக்கும் அதற்கும் நெடுந்தொலைவு. பாடிய பெருங்கௌசிகனாரின் ஊரோ இரணியமுட்டம். அதனை அழகர்மலையைச் சார்ந்த பாண்டி நாட்டுப் பகுதி என்பர். ஆகவே நம் பக்கத்து மனிதர் என்று உரிமை கொண்டாடுவதில் பிழையில்லை.

அவர் சொல்லும் யோசனைகளைப் பாருங்கள். பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கும், ஆகவே பொழுது புலர்ந்த பின் நடங்கள். தினைப்புனம் காப்போர் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள். அந்தக் கல்லுக்கு நீங்கள் யார் என்று தெரியாது, மரத்தின் பின்னே ஒதுங்கிக்கொள்ளுங்கள். நுண்ணிய பாசி படிந்த இடத்தில் கால் வழுக்கும், ஓரத்து மூங்கிலையும் கொறுக்கைத் தட்டையையும் பற்றிக்கொண்டு போங்கள். இரவாகிவிட்டால் குகைக்குள் உங்கள் வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைந்து தங்குங்கள். வழி தவறிவிட்டால் அலையவேண்டாம். அகன்ற பாறை ஒன்றில் அமர்ந்து உங்கள் வாத்தியங்களை வாசியுங்கள், ஓசை கேட்டுக் கானவர் வந்து வழிகாட்டுவர். வழி பிரியும் இடத்தில், பின்னால் வருகிறவர்களுக்காகப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள்.

புல்லை முடிந்து வைக்கச் சொன்ன அந்த ஒரு யோசனைக்காகவே இப்பாட்டை எத்தனை முறையும் படிக்கலாம். ஆற்றுப்படை என்பதைப் புலவர்கள் வறுமையில் இரந்த இலக்கியம் என்று பாடநூல்கள் சுருக்கிவிட்டன. இடம் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லும் சொல், அதைக் கேட்பவனின் பொறுமை ஆகிய இரண்டின் மீதே இந்த இலக்கிய வகை எழும்பியிருக்கிறது என்பது என் கருத்து.

இனி நம் பள்ளத்தாக்குக்கு வருவோம். மாணவர்கள் சென்ற ஆண்டு ஒரு திட்டத்தோடு வந்தார்கள். தாய்லாந்தின் பாங் நா விரிகுடாவில் கடலோரக் குன்றுகளின் குகைகளுக்குள் சிறு துடுப்புப் படகில் படுத்தபடியே நுழைந்து செல்லும் காட்சியை எங்கோ கண்டிருந்தார்கள். குகைப் படகு, அருவிக் குளியல், மாலையில் வீடு: இப்படி ஒன்றைக் கம்பம் பக்கம் அமைக்க முடியுமா என்பது கேள்வி. முடியாது. பாங் நா குன்றுகள் சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. நீர் அதனைக் கரைத்துக் கரைத்துக் குடைந்துவிடும். அங்கும் கடல் வற்றும் நேரமும் ஏறும் நேரமும் அறிந்த உள்ளூர்ப் படகோட்டி இல்லாமல் நுழைய இயலாது. ஏற்றம் வந்தால் குகையின் வாய் மூடிவிடும். நம் மேற்கு மலைத்தொடரோ கெட்டியான பாறை. கோடி ஆண்டுகள் நீர் மோதினாலும் அருவியாக விழுமே தவிர, உள்ளே புகுந்து ஆறாக ஓடுவது அரிது.

ஆயினும் நீர் ஓடும் குகை ஒன்று இங்கே இருக்கிறது. இயற்கை குடையாததை மனிதன் குடைந்தான். தேக்கடி ஏரியின் நீரை மலையின் வயிற்றுக்குள் புகுத்தி இந்தப் பக்கம் கொண்டுவரும் பெரியாற்றுச் சுரங்கத்தைச் சொல்கிறேன். அதற்குள் படகு போகாது, யாரையும் விடவும் மாட்டார்கள். ஆனால் நம் பள்ளத்தாக்கில் படகும் குகையும் அருவியும் ஒரே நீரால் கோக்கப்பட்டிருக்கும் இடம் இதுவொன்றே.

மேற்கே ஓடி வீணே கடலில் கலக்கும் பெரியாற்றை மலைக்கு இப்பால் திருப்பினால் வைகை நாடு செழிக்கும் என்னும் எண்ணம் ஆங்கிலேயருடையதன்று. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆட்களை மலைக்கு அனுப்பி இது இயலுமா என்று பார்த்துவரச் செய்தார். இயலும் என்று தெரிந்தும் பணம் இல்லாமையால் கைவிட்டார். 1808இல் கால்டுவெல் என்னும் படைப்பிரிவுப் பொறியாளர் (மொழி ஞாயிறு கால்டுவெல் அல்லர், அவர் அப்போது பிறக்கவேயில்லை) இது வெறும் கற்பனை என்று எழுதி மூடிவைத்தார். பின்னர் 1867இல் மேஜர் ரைவ்ஸ் அணை கட்டும் திட்டமொன்றைத் தந்தார். 1876 முதல் 1878 வரை நாட்டைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம் காகிதங்களை நகர வைத்தது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசோடு குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று: சுமார் 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், 999 ஆண்டுகள். மறு ஆண்டு பென்னிகுயிக் தலைமையில் வேலை தொடங்கியது.

அன்று அந்த மலைக்குள் போகப் பெருந்தயாரிப்பு வேண்டியிருந்தது. இரயிலில் வந்த தளவாடங்கள் அம்மையநாயக்கனூரில் இறங்கின. அங்கிருந்து கூடலூர் வரை மாட்டு வண்டி. கூடலூருக்கு அப்பால் செங்குத்தான மலை. அதன் மேலே காடு. காட்டுக்குள் யானையும் அட்டையும் காய்ச்சலும். சென்னைப் பயனியர் படையினர் வந்தனர், கொச்சியிலிருந்து போர்த்துகீசிய வழிவந்த தச்சர்கள் வந்தனர், நம் சமவெளியிலிருந்து கூலிகள் ஆயிரக்கணக்கில் ஏறினர். ஆற்றை மறித்துப் போட்ட தற்காலிக அணைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. காய்ச்சல் பருவத்தில் ஆட்கள் மலையைவிட்டு இறங்கினர். இறங்காமலே அங்கே தங்கிவிட்டவர்களும் உண்டு. அணையருகே கல்லறைகள் இருக்கின்றன. சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுர்க்கிச் சாந்தில் எழுந்த அணை 1895 அக்டோபர் 10 அன்று ஆளுநர் வென்லாக் பிரபுவால் திறந்துவைக்கப்பட்டது. பென்னிகுயிக் சொத்தை விற்று அணை கட்டினார் என்னும் கதையை எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கேட்கலாம். அரசு பணம் ஒதுக்கிக் கட்டிய அணை அது. ஆயினும் பாலார்பட்டியில் அவர் பெயரால் பொங்கல் வைப்பவரிடம் போய் இந்தத் திருத்தத்தைச் சொல்லும் அவசியம் எனக்குத் தோன்றியதில்லை.

அணையைப் பற்றிப் பேசியவர்கள் சுரங்கத்தைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை. ஏரி நிறைந்தாலும் மலையைத் துளைக்காமல் ஒரு சொட்டும் இப்பக்கம் வராது. 5,700 அடிக்கும் சற்றே மிகுந்த நீளம்; முதலில் வெட்டியபோது 12 அடி அகலம், ஏழரை அடி உயரம். ஓர் ஆள் கையை உயர்த்தினால் கூரை தட்டும். அந்த இருளில் பாறையை வெடி வைத்துப் பிளந்து, சில்லுகளை வாரி வெளியே கொட்டி, மறுபடி உள்ளே போனவர்களைக் கற்பனை செய்துபாருங்கள். கட்டுமானத்தின் முழு வரலாற்றையும் மெக்கன்சி என்னும் பொறியாளர் எழுத, 1899இல் சென்னை அரசு அச்சகம் வெளியிட்டது. அளவுகளும் செலவுகளும் இயந்திரங்களும் நிரம்பிய நூல் அது.

காலத்தைச் சற்றே உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும். உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் கொண்டுவந்தது 1889இல், சிலப்பதிகாரத்தை 1892இல். மலைக்குள் வெடி வெடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான், மலையின் ஓசைக்கே பெயர் சூட்டிய பாட்டு ஏட்டிலிருந்து தாளுக்கு வந்தது. மலைபடுகடாம் என்பதற்கு, மலையை யானையாகக் கொண்டு அதன் மதமாகிய ஓசையைப் பாடுவது என்று விளக்கம் கூறுவர். அருவி விழும் ஓசை, தேன் எடுப்போர் ஓசை, புண்பட்டோரைத் தேற்றும் பாட்டு, வள்ளை இசைத்து நெல் குற்றும் ஓசை என அடுக்கிக்கொண்டே போவார் பெருங்கௌசிகனார். இரண்டு முயற்சிகளும் ஒன்றையொன்று அறியாமல் நடந்தன.

சுரங்கத்தைக் கடந்த நீர் மலைச்சரிவில் விழுந்தது. குமுளி மலைப்பாதையில் அந்நீர் பாய்ந்திறங்கும் இடத்தில் உள்ள பாலத்தை இரைச்சல் பாலம் என்கிறார்கள். பெயர் வைத்தவர் யாரென்று எந்த ஆவணமும் சொல்லாது, கேட்டவர்கள் வைத்தார்கள். மலைபடுகடாம் என்ற பெயருக்கும் இரைச்சல் பாலம் என்ற பெயருக்கும் இடையே அதிக தூரமில்லை. பின்னர், லோயர் கேம்பில் மின்நிலையம் வந்தபின், நீரில் பெரும்பகுதி மலைமீதிருந்து நான்கு இராட்சதக் குழாய்களுக்குள் இறங்கத் தொடங்கியது. இன்று மின்நிலையத்தில் பராமரிப்பு நடக்கும்போதும் நீர் மிகுந்திருக்கும்போதும் இரைச்சல் பாலத்தின் வழியே நீர் விடுகிறார்கள். அன்றுதான் அது அருவி. மற்ற நாட்களில் அருவி குழாய்க்குள் இருக்கிறது.

இனிப் படகு. தேக்கடியில் நாம் படகேறும் ஏரி மூழ்கிய பள்ளத்தாக்கு. சுமார் 26 சதுர கிலோமீட்டர் பரப்பில் நீருக்கு மேலே கரிய அடிமரங்கள் நிற்பதைப் பயணிகள் அழகென்று படம் எடுக்கிறார்கள். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் நீரேறியபோது மூழ்கிய காட்டு மரங்கள் அவை. நீர்மட்டம் தாழ்ந்தால் இன்னும் பல தலைகாட்டும். எவ்வளவு தாழலாம், எவ்வளவு உயரலாம் என்பதே இரு மாநிலங்களின் வழக்காயிற்று: 152 அடி என்பது 1979இல் 136 ஆகக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் கூறி 2014இல் உறுதிசெய்தது. 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கத்துக்கு நீர் ஏறாது. படகில் இருப்பவருக்கு இந்த எண்கள் வேண்டியதில்லை. எந்த அடிமரம் எந்த மட்டத்தில் நீருக்குள் மறைந்து நிற்கும் என்பது மட்டும் வேண்டும். அது எந்த வழக்கிலும் பதிவாகவில்லை. மூங்கில் தெப்பம் தள்ளுகிறவருக்குத் தெரியும்.

மூங்கில் தெப்பமே என் மாணவர்களின் குகைப் படகுக்கு நான் சொன்ன மாற்று. பெரியாறு புலிகள் காப்பகத்தில் நடத்தப்படும் ஒருநாள் பயணம் அது: காலையில் காட்டுக்குள் நடை, பிறகு தெப்பம், மறுபடி நடை. பத்துப் பயணிகளுக்கு ஐந்து வழிகாட்டிகள், துப்பாக்கியுடன் ஒரு வனக் காவலர் என்பது அங்கே நெடுநாள் வழக்கம். பாதி அளவுக்கு வழிகாட்டிகள்! அவர்களில் மன்னான், பளியர் குடிகளைச் சேர்ந்தவர்கள் உண்டு. ஒருகாலத்தில் காட்டில் இலவங்கப்பட்டை திருடியும் வேட்டையாடியும் பிழைத்து, 1990களுக்குப் பின் வனத்துறையின் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தால் காவலுக்கும் வழிகாட்டலுக்கும் வந்தவர்களும் உண்டு. காட்டின் கள்ள வழி தெரிந்தவனே நல்ல வழிகாட்டி என்று துறை முடிவுசெய்ததில் கானவர் இலக்கணம் தெரிந்த யாருக்கும் வியப்பிருக்காது. அட்டை கடிக்காமலிருக்கத் துணிக் காலுறை தருகிறார்கள். அதனைக் கட்டத் தெரியாமல் தடுமாறும் நகரத்துக் கால்களை அவர்களே கட்டிவிடுவதையும் கண்டிருக்கிறேன்.

அதே ஏரியில் 2009 செப்டம்பர் 30 மாலை, கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஜலகன்யகா என்னும் புதிய இரட்டை அடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். நம் மாநிலத்தவரும் அவர்களுள் அடங்குவர். கரையில் விலங்கு தென்பட்டதும் பலர் ஒருபக்கமாக நகர்ந்தனர் என்று அப்போது செய்திகள் கூறின. மிதவை உடுப்பு கட்டாயமாக்கப்பட்டது அதற்குப் பிறகுதான். வேடிக்கை பார்க்கும் ஆசையில் அடி வைக்கும் இடத்தை மறவாதீர்கள் என்பது மலைபடுகடாத்துக் கூத்தன் திரும்பத் திரும்பச் சொல்வது. உடுப்பு இறுக்கமாக இருக்கிறது, புகைப்படத்தில் நன்றாக இல்லை என்று முடிச்சை அவிழ்க்கும் மாணவரிடம் நான் பாட்டைச் சொல்வதில்லை. அந்த எண்ணை மட்டும் சொல்வேன்.

அருவிக்குச் சுருளி இருக்கிறது. கம்பத்திலிருந்து 10 கிலோமீட்டர். மேகமலையிலிருந்து இறங்கும் நீர். இரண்டு நிலையாக விழும். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் முன்னோர்க்கு நீர்க்கடன் செய்வோர் கூட்டம் நிறையும். கைலாசநாதர் குகை உட்படச் சித்தர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் குகைகள் மேலே உள்ளன. ஆகக் குகையும் அருவியும் இங்கே பக்கத்தில் பக்கத்தில். 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இவை அடங்குவதால் வனத்துறை சொல்வதே வேதம். மேலே மழை பெய்தாலும் அணைகளிலிருந்து நீர் விட்டாலும், யானைக் கூட்டம் வந்தாலும் குளிக்கத் தடை. கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்க, எதற்குத் தடை என்று வாதிடுகிறவர்களை ஒவ்வொரு முறையும் காண்கிறேன். மேகமலையில் பெய்யும் மழை சுருளியில் நிற்பவருக்குத் தெரியாது. வாயிலில் நிற்கும் ஊழியருக்குத் தெரியும்.

சுருளியைப் பற்றி இன்னும் எழுதலாம். ஆனால் தேனி மாவட்டத்தில் மலையேறுவதைப் பற்றிப் பேசிவிட்டுக் குரங்கணியைப் பேசாமல் போவது நேர்மையாகாது. 2018 மார்ச் 11. கொழுக்குமலைக்கு ஏறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்த இரு குழுவினரைக் காய்ந்த புல்வெளியில் பரவிய தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தனர். பலர் பெண்கள், சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் வந்த இளையவர்கள். முறையான அனுமதியின்றி அந்த வழியில் அவர்கள் அழைத்துச் செல்லப்பட்டனர் என்பது பின்னர் வெளிப்பட்டது. போனவர்களைக் குறைசொல்வோர் அன்று நிறைய இருந்தனர், எனக்கு அதில் உடன்பாடில்லை. மலையைப் பார்க்க விரும்புவது குற்றமன்று. பங்குனிக்கு முன்பே புல் எப்படிக் காயும், காற்று எந்தப் பக்கம் திரும்பும், தீ கண்டால் மேலே ஓடக்கூடாது என்பதையெல்லாம் அவர்களுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும் என்பதே கேள்வி. தீ கீழிருந்து மேலேறும், மனிதனைவிட வேகமாக ஏறும். புல்லை முடிந்து அடையாளம் வைத்த மலைகளில், அந்தப் புல்லே எரிந்தது. சம்பவத்தின்பின் அதே ஆண்டு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. 2024இல் தமிழக வனத்துறை 40 வழிகளை வகுத்து, உள்ளூர்ப் பழங்குடியினர் உள்ளிட்டோருக்குப் பயிற்சி தந்து வழிகாட்டிகளாக அமர்த்தியது. குரங்கணி வழியும் அவற்றுள் ஒன்று.

வரலாற்று நூல்களில் ஒரு குறை எனக்கு நெடுநாளாக உறுத்துகிறது. முத்திருளப்ப பிள்ளை அனுப்பிய ஆட்களை மலைமேல் அழைத்துச் சென்றவர் யார்? கால்டுவெல்லுக்கும் ரைவ்ஸுக்கும் பென்னிகுயிக்குக்கும் காட்டுக்குள் முதல் தடம் காட்டியவர் யார்? அளவெடுத்தவரின் பெயர் இருக்கிறது, கையெழுத்திட்டவரின் பெயர் இருக்கிறது, திறந்துவைத்தவரின் பெயர் இருக்கிறது. முன்னே நடந்தவரின் பெயர் இல்லை. பளியராகவோ மன்னானாகவோ அவர் இருந்திருக்கலாம் என்று ஊகிக்கலாமே தவிர நிறுவ முடியாது. மலைபடுகடாத்திலும் வழி சொல்பவனுக்குப் பெயரில்லைதான். ஆனால் பாட்டு முழுதும் அவன் குரல். நன்னனே அவன் பேச்சுக்குள்தான் வருகிறான்.

சிலப்பதிகாரமும் இந்த மலைக்கே வருகிறது என்பது இங்கு நினைவுக்கு வருகிறது. மதுரையை எரித்தபின் கண்ணகி வைகைக் கரையோடு மேற்கே நடந்து மலையேறினாள். எல்லையிலுள்ள மங்கலதேவிக் கோட்டமே அவளுக்கு எடுத்த கோயில் என்று பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963இல் கண்டு அறிவித்தார். ஆண்டுக்கு ஒருமுறை சித்திரை முழுநிலவன்றே அங்கே போக இயலும். கண்ணகியைக் கண்டதாகச் சேரனிடம் சொன்னவர்கள் குன்றக்குறவர். அங்கேயும் செய்தி தந்தவர்களுக்குத் தனிப்பெயர் கிடையாது.

மாணவர்களின் பயணத்துக்கு வருகிறேன். தேனியிலிருந்து இருட்டோடு புறப்பட்டால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் தாண்டிக் காலையிலேயே குமுளி சேரலாம். தெப்பத்துக்கு முன்பதிவு வேண்டும். அதற்கே ஒரு பகல் முழுதும் போய்விடும் என்பதால் சுருளியை அதே நாளில் சேர்க்க முயலாதீர்கள், இரண்டில் ஒன்று. பளிச்சென்ற நிற உடை வேண்டாம். தண்ணீர், மாற்றுத் துணி, அட்டைக்குக் கொஞ்சம் உப்பு. கைப்பேசியை நீர் புகாத உறையில் இடுங்கள்; ஆனால் காட்டுக்குள் அலைவரிசை கிடைக்கும் என்று நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். வழிகாட்டியின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து எழுதும் பயணக் கட்டுரையில், அவர் இசைந்தால், அந்தப் பெயரை முதல் பத்தியிலேயே எழுத வேண்டும் என்பது என் வகுப்பின் விதி.

இறங்கும்போது, ஜூன் மாதமாக இருந்தால், லோயர் கேம்பைத் தாண்டியதும் வலமும் இடமும் வாய்க்கால்களில் நீர் ஓடக் காண்பீர்கள். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு முதல் போகத்துக்காக விடப்பட்ட நீர். காலையில் நீங்கள் தெப்பம் தள்ளிய அதே ஏரியின் நீர், உங்களுக்கு முன்பே மலையைக் கடந்து, குழாயில் இறங்கி, மின்சாரம் தந்துவிட்டு நாற்றங்காலுக்குப் போய்க்கொண்டிருக்கும். மின்நிலையத்தில் பராமரிப்பு நாளாக அமைந்தால், இறங்கும் வழியில் ஓட்டுநரிடம் சொல்லிச் சற்று நிறுத்தச் சொல்லுங்கள். பாலத்தை நெருங்கும் முன்பே காது கேட்கத் தொடங்கிவிடும்.